ஒரு மில்லிகிராம் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கருவுறாத, பாலூட்டாத ஒரு பெண் நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு உண்ண வேண்டும். ஆணுக்கு 19 போதும். ஆனால் அந்தப் பெண்ணின் உடம்பிலிருந்து ஒரு நாளில் வெளியேறுவது சராசரியாக ஒன்றரை மில்லிகிராம்தான். ஒன்றரையை ஈடுகட்ட இருபத்தொன்பது எதற்கு? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம் சாப்பாட்டில் உள்ள இரும்பில் உடம்புக்குள் போய்ச் சேர்வது நூற்றுக்கு எட்டுப் பங்குதான் என்று நிபுணர்கள் வைத்துக்கொண்டார்கள். உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்களும் விடுபட்டுவிடக் கூடாது என்று வரம்பையும் உயர்த்திப் பிடித்தார்கள்.

அந்த எட்டு விழுக்காட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். அரிசி, பருப்பு, கீரை ஆகியவற்றின் குணம்தான் அது என்பதுபோல நாம் பேசுகிறோம். பாதி உண்மை அது. ஒரே பந்தியில் ஒரே சோற்றையும் சாம்பாரையும் உண்ணும் இரு பெண்களில் ஒருத்தி மூன்று விழுக்காடு ஏற்கலாம், அடுத்த இலைக்காரி இருபது ஏற்கலாம். ஒரே பெண் தை மாதம் ஏற்றதைப்போல் ஒன்பது மடங்கு ஆடியில் ஏற்கலாம். இலையில் விழுந்ததை மட்டும் எண்ணினால் இது விளங்காது. உண்பவளின் உடம்பு அன்றைக்கு என்ன கேட்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியே தள்ளும். இரும்பு கூடினால் தள்ளிவிட உடம்பில் எந்த உறுப்பும் இல்லை. இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்கள் இங்கிலாந்தில் பணியாற்றிய ராபர்ட் மக்கன்ஸும் எல்சி விடோசனும். உட்கொண்டதையும் கழிவில் போனதையும் பொறுமையாக அளந்து, உடலின் இரும்பளவைக் காப்பது கழிவு அல்ல, ஏற்பு என்று 1937இல் எழுதினார்கள். அன்றைய மருத்துவத்துக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்துக் கதிரியக்க இரும்பை ஆண்களின் உடலில் செலுத்தி, அது எவ்வளவு மெதுவாகக் கரைகிறது என்று சியாட்டில், வெனிசுவேலா, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் பார்த்தார்கள். சியாட்டில் வெள்ளையரும் டர்பன் இந்தியரும் இழந்தது ஏறக்குறைய ஒரே அளவு: நாளுக்கு ஒரு மில்லிகிராம். தோலும் குடலின் உட்பூச்சும் உதிர்வதால் போகும் இரும்பு அது. பெரிதாகக் குறைக்கவும் முடியாது, பெரிதாகக் கூட்டவும் முடியாது.

பெண்ணுக்கு இதற்கு மேல் மாதக் கணக்கு ஒன்று உண்டு. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் லெய்ஃப் ஹால்பர்க் குழுவினர் நானூற்றுக்கும் அதிகமான பெண்களின் மாதவிடாய்க் குருதியை அளந்து 1966இல் வெளியிட்டார்கள். சராசரி 43 மில்லிலிட்டர். எண்பதைத் தாண்டினால் ரத்தசோகை அதிகம் தென்பட்டது. பெண்ணுக்குப் பெண் அளவு வெகுவாக மாறியது. ஆனால் ஒருத்திக்கு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறவில்லை. ஹீமோகுளோபின் 12.5 இருப்பவளின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இரும்பு இருக்கும். நாற்பது மில்லிலிட்டர் போனால் 17 மில்லிகிராம். இருபத்தெட்டு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 0.6. எண்பது போகிறவளுக்கு 1.2. ‘எனக்கு எப்போதும் இப்படித்தான்’ என்று பெண்கள் சொல்லிவிட்டுக் கடந்துபோவது இந்த இரண்டாவது எண்ணைத்தான். பத்து வருடம் அப்படியே போனால், சேமிப்பு என்று அவளிடம் ஒன்றும் மிஞ்சியிராது.

செலவு இவ்வளவு சிறிதாக இருப்பதற்குக் காரணம் மறுபயன்பாடு. முதிர்ந்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் உடைத்து, அவற்றின் இரும்பைத் திரும்ப எலும்பு மஜ்ஜைக்கு அனுப்புகின்றன. நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இப்படிச் சுற்றுகிறது. குடல் வழியே புதிதாக வருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்தச் சிறு வரவு சில வருடங்கள் தொடர்ந்து குறைந்தால் சோகை, தொடர்ந்து மிகுந்தால் கல்லீரலும் கணையமும் இதயமும் துருவேறும் நோய். ஆகவேதான் உடம்பு தன் கவனம் முழுவதையும் நுழைவாயிலில் வைத்திருக்கிறது.

அந்த வாயில் இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கிறது. அங்கே உட்சுவரில் ஒரே ஒரு செல்லை மட்டும் உற்றுப் பார்ப்போம். குடலுறிஞ்சியின் அடிப்பள்ளத்தில் பிறந்து, நுனியை நோக்கி நகர்ந்து, இரண்டு முதல் ஐந்து நாளில் உதிர்ந்துவிடும் குறுவாழ்வு அதற்கு. உணவிலிருந்து வரும் இரும்பு பெரும்பாலும் உள்ளே நுழைய முடியாத மூன்றிணைதிற வடிவில் இருக்கும். செல்லின் முகப்பில் உள்ள நொதி ஒன்று அதை இரண்டிணைதிறமாக மாற்றுகிறது. எலுமிச்சைச் சாற்றின் வைட்டமின் சியும் அதே வேலைக்குக் கை கொடுக்கும். பிறகு டி.எம்.டி.1 என்ற புரதக் கதவு அதை உள்ளே இழுக்கிறது. இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றில் உள்ள ஹீம் இரும்புக்கு வேறு வழி. அது எந்தக் கதவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2005இல் கண்டுபிடித்ததாகச் சொன்ன கதவு உண்மையில் ஃபோலிக் அமிலத்தின் கதவு என்று அடுத்த ஆண்டே தெரியவந்தது.

செல்லுக்குள் வந்துவிட்டதால் இரும்பு உடம்புக்குள் வந்துவிட்டதாகாது. திண்ணை வரைதான் வந்திருக்கிறது. மறுபக்கத்தில், ரத்தக்குழாயைப் பார்த்தபடி, ஃபெரோபோர்ட்டின் என்ற இன்னொரு கதவு இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. இரும்பை ரத்தத்துக்குள் விடும் ஒரே கதவு அதுதான். அது திறந்திருந்தால் இரும்பு டிரான்ஸ்ஃபெரின் என்ற வண்டியில் ஏறி மஜ்ஜைக்குப் போகும். மூடியிருந்தால் செல்லுக்குள்ளேயே ஃபெரிட்டின் என்ற பத்தாயத்தில் கிடக்கும். மூன்றாம் நாள் செல் உதிரும்போது பத்தாயத்தோடு சேர்ந்து மலத்தில் போய்விடும். உடம்பு இரும்பை வேண்டாம் என்று சொல்லும் முறை இதுதான்.

திண்ணையில் இரும்பு தங்கிவிடுகிறது என்பது முதலிலேயே தெரிந்திருந்தது. 1930களின் இறுதியில் பெர்க்லியின் சைக்ளோட்ரானில் உண்டாக்கிய கதிரியக்க இரும்பை வாங்கி, ரோச்செஸ்டரில் ஜார்ஜ் விப்பிளும் பால் ஹானும் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சோகையுள்ள நாய் நிறைய ஏற்றது, நலமான நாய் மிகக் கொஞ்சம். முதலில் ஒரு வேளை இரும்பைக் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்தால், சோகையுள்ள நாயும் இரண்டாவதைச் சரியாக ஏற்கவில்லை. குடற்சுவரே அடைத்துக்கொள்கிறது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். அது நெடுநாள் நின்றது. ஆனால் மஜ்ஜைக்கு இரும்பு வேண்டும் என்பது அவ்வளவு தூரத்தில் இருக்கும் குடலுக்கு யார் வந்து சொல்கிறார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை.

பதில் யாரும் தேடாத இடத்திலிருந்து வந்தது. மனித ரத்தத்திலும் சிறுநீரிலும் கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களைத் தேடியவர்கள், கல்லீரல் சுரக்கும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றைப் பிடித்தார்கள். ஜெர்மன் குழு 2000இலும், லாஸ் ஏஞ்சலஸின் தாமஸ் கான்ஸ் குழு 2001இலும் அதை வெளியிட்டன. கல்லீரலையும் கிருமிக்கொல்லியையும் சேர்த்து ஹெப்சிடின் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு பாரிஸில் சோஃபி வோலோன் குழு, கல்லீரலின் சர்க்கரைக் கையாளலை ஆராய ஒரு மரபணுவை நீக்கிய எலிகளில் உறுப்பெல்லாம் இரும்பு குவிந்திருப்பதைக் கண்டது. நீக்கிய மரபணுவுக்கு அருகிலிருந்த ஹெப்சிடினும் அந்த எலிகளில் அடங்கிப்போயிருந்ததுதான் காரணம். 2004இல் எலிசபெத்தா நெமெத்தும் கான்ஸும் செயல்முறையைக் காட்டினார்கள்: ஹெப்சிடின் போய் ஃபெரோபோர்ட்டினைப் பற்றுகிறது, செல் அந்தக் கதவையே உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது. குடல் ஆய்வில் இவ்வளவு தெளிவான விடை அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஹெப்சிடின் கூடினால் கதவு மூடும், குறைந்தால் திறக்கும். எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று கல்லீரல் மூன்று குரல்களைக் கேட்டு முடிவு செய்கிறது. சேமிப்பும் ரத்தத்து இரும்பும் நிறைந்திருந்தால் கூட்டும். காய்ச்சல், தொற்று, அழற்சி வந்தால் இன்டர்லூக்கின்-6 வழியாகச் சட்டென்று கூட்டும். கிருமிக்கும் இரும்பு உணவு, அதை மறைக்கவே இந்த ஏற்பாடு. மூன்றாவது குரல் மஜ்ஜையுடையது. ரத்தம் இழந்து சிவப்பணு உற்பத்தி சூடுபிடிக்கும்போது இளம் சிவப்பணுக்கள் எரித்ரோஃபெரோன் என்ற தூதை அனுப்புகின்றன, கல்லீரல் ஹெப்சிடினைக் குறைக்கிறது. இது 2014இல்தான் தெரிந்தது. குடலும் தன் பங்குக்கு, உட்செல்லில் இரும்பு குறைந்தால் கதவுகளைத் தானே கூட்டிக்கொள்கிறது.

நலமான பெண்ணிடம் இந்தக் குரல்கள் மாதந்தோறும் ஏறியிறங்குகின்றன. பிரான்சில் சுழற்சி முழுவதும் அளந்து பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வொன்றில், விலக்கு நாட்களில் ஹெப்சிடின் தாழ்ந்து, முடிந்ததும் ஒருமுறை எழும்பி, பிறகு நிலைக்கு வந்தது. எஸ்ட்ரஜனும் புரோஜெஸ்ட்ரோனும் நேரடியாகவே இதைத் தொடுகின்றனவா என்பதில் முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. என் பார்வையில், உதிரப்போக்கின் அளவே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது. கருத்தடை மாத்திரையால் போக்கு குறைந்தால் சேமிப்பு ஏறும். காப்பர்-டி போட்டுப் போக்கு கூடினால் இறங்கும். மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில், சேமிப்பைக் காட்டும் ரத்தத்து ஃபெரிட்டின் ஆண்களின் அளவை நோக்கி உயரும்.

கர்ப்பம்தான் இந்த ஏற்பாட்டின் முழு வலிமையையும் காட்டுகிறது. ஒரு பிள்ளைப்பேற்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பல பெண்களிடம் சேமிப்பே 300தான். 1994இல் இங்கிலாந்தின் நியூகாசில் குழு, பன்னிரண்டு கர்ப்பிணிகளுக்குக் கதிரியக்கமில்லாத நிலைத்த ஐசோடோப்பால் குறியிட்ட உணவைக் கொடுத்து அளந்தது. 12ஆம் வாரம் உணவின் இரும்பில் 7% ஏற்றார்கள். 24ஆம் வாரம் 36%. 36ஆம் வாரம் 66%. பிள்ளை பிறந்து நான்கைந்து மாதத்தில் 11%. அந்தப் பெண்களின் குடல் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. முதல் மூன்று மாதத்தில் விலக்கு நின்றதால் தேவை முன்பைவிடக் குறைவு, அதனால் கதவும் ஒருக்களித்தது. குழந்தையும் தாயின் ரத்தமும் வளரத் தொடங்கியதும் ஹெப்சிடின் ஏறத்தாழ மறைந்தேபோகிறது. ஆனால் 66% என்பது உண்ணும் உணவில் இரும்பு இருந்தால்தான் பயன்படும். அதனால்தான் இரும்பு மாத்திரை.

உணவின் இரும்பு உடம்பில் ஏறுவதைப் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமானது நம்மவர் உடம்பிலிருந்து அறிந்தது. 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர் மிகுதி. அவர்களின் வழித்தோன்றல்கள் பலரை நிறவெறி அரசு டர்பனுக்கு வெளியே சாட்ஸ்வொர்த் என்ற குடியிருப்பில் கொண்டுபோய் அடைத்தது. 1970களில் தாமஸ் பாத்வெல் குழுவினர் அங்கிருந்த இந்தியப் பெண்களிடம் கதிரியக்க இரும்பு கலந்த உணவைக் கொண்டு பல ஆய்வுகள் செய்தார்கள். அந்தக் குழுவின் 1975 ஆய்வுதான் தேநீரின் பெயரைக் கெடுத்தது: சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் உண்டு தேநீர் குடித்தபோது, தண்ணீர் குடித்தபோது ஏற்றதில் நான்கில் ஒரு பங்கே இரும்பு ஏறியது. தேநீரின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. கேழ்வரகின், கோதுமைத் தவிட்டின் ஃபைட்டேட்டும் அப்படியே.

உணவின் இரும்பு எவ்வளவு ஏறுகிறது என்ற இதே கேள்விக்காக 1969இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் நடந்ததை வாசித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. தெற்காசியாவிலிருந்து குடியேறிய 21 பெண்கள், சில்லறை உபாதைகளுக்காக மருத்துவரிடம் போனவர்கள். இரும்பு-59 கலந்து சுட்ட சப்பாத்திகள் அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. உண்டார்கள். பிறகு ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துச் சென்று அவர்கள் உடலில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று எண்ணினார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் சரிவரத் தெரியாது. 1995இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் இதை வெளியே கொண்டுவந்தது. தங்களுக்கு எதுவும் புரியும்படி சொல்லப்படவில்லை என்ற குறை 2023இல் மறுபடி எழுந்து, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் விசாரணை கேட்டார். கதிர்வீச்சின் அளவு சிறிது என்பது பதிலாகாது. தன் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையைப் பற்றிய கேள்வி இது. சப்பாத்தியில் கலக்கும் இரும்பு உடம்பில் ஏறுகிறதா என்று நாம் இன்று எழுதும் வரிகளில் அந்தப் பெண்களின் பங்கு இருக்கிறது.

ஒரு வேளை உணவில் கண்டதை வருடக் கணக்குக்கு நீட்டும்போதுதான் நிதானம் வேண்டும். 1984இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் குக் குழு, உணவோடு தினமும் 2 கிராம் வைட்டமின் சி நான்கு மாதம் கொடுத்துப் பார்த்தது. ஒரு வேளை ஆய்வில் ஏற்பைக் கூட்டிய அதே பொருள், உடலின் இரும்புச் சேமிப்பைச் சொல்லும்படியாக உயர்த்தவில்லை. சேமிப்பு ஏற ஏறக் கதவு சாத்திக்கொள்கிறது. ஐதராபாத்தில் அரிசிச் சாப்பாட்டோடு கொய்யாப் பழம் சேர்த்தபோது வளரிளம் வயதினரின் ஏற்பு சுமார் இரண்டு மடங்கானது என்ற ஆய்வையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் உண்மை. சேமிப்புள்ளவளுக்குக் கொய்யா பெரிதாக ஒன்றும் செய்யாது. பத்தாயம் காலியாக, கதவு விரியத் திறந்து காத்திருப்பவளுக்கு, அந்தப் பழம் கிடைப்பதும் சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காதிருப்பதும் வேறுபாட்டை உண்டாக்கும்.

என் அம்மா சத்து மாத்திரையைக் காலைக் காபியோடுதான் விழுங்குவார். மறக்காமலிருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. மாலையிலும் ஒன்று. வயிற்றைப் புரட்டும், மலம் கறுக்கும், மூன்று வாரத்தில் நிறுத்திவிடுவார். எத்தனை முறை தொடங்கினார், எத்தனை முறை நிறுத்தினார் என்பதற்குக் கணக்கில்லை. மருத்துவமனையில் ‘ஒழுங்காகச் சாப்பிடவில்லை’ என்று கடிந்துகொண்டார்களே தவிர, எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஜூரிக்கில் மைக்கேல் சிம்மர்மன் குழு இளம் பெண்களிடம் செய்த ஆய்வுகளைப் படித்தபோது அம்மாவின் மாத்திரை டப்பாதான் நினைவுக்கு வந்தது.

2015இல் அவர்கள் காட்டியது: 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு வேளை இரும்பு உள்ளே போனால் ஹெப்சிடின் எழும்பி, மறுநாள் வரை நிற்கிறது. மறுநாள் மாத்திரை பாதி மூடிய கதவில் போய் முட்டுகிறது. ரோச்செஸ்டர் நாய்களிடம் கண்ட அடைப்புக்கு எழுபது ஆண்டு கழித்துக் கிடைத்த பெண்ணுடல் சான்று என்றே இதைச் சொல்வேன். 2017இல், சேமிப்புக் குறைந்த ஆனால் சோகையில்லாத 40 பெண்களில் ஒரு பாதியினருக்குத் தினமும், மறுபாதியினருக்கு ஒருநாள் விட்டு ஒருநாளும் 60 மில்லிகிராம் கொடுத்தார்கள். தினமும் உண்டவர்கள் ஏற்றது 16.3%, இடைவிட்டு உண்டவர்கள் 21.8%. 2023 ஆய்வில், காலையில் ஏற்றதைவிடப் பிற்பகலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது; ஹெப்சிடின் பகலில் இயல்பாகவே ஏறுகிறது. காபியோடு விழுங்கினால் பாதிக்கு மேல் வீணாயிற்று. ஏறாத இரும்பு குடலில் கிடந்துதான் வயிற்றைப் புரட்டுகிறது. சோகை முற்றியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேகம் முக்கியம், அங்கே தினசரி மாத்திரையை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு, காலையில் தண்ணீரோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது சோம்பலுக்குச் சொல்லும் சமாதானம் அல்ல.

இனி, ‘இரும்பு போதும்’ என்பதை எந்த எண்ணில் சொல்வது என்ற கேள்வி. ரத்தத்து ஃபெரிட்டின் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் இருந்தால் உடலில் சுமார் 8 மில்லிகிராம் சேமிப்பு என்பது தோராய வாய்பாடு. நலமான பெண்ணிடம் 15க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. 15 என்றால் சேமிப்பு 120 மில்லிகிராம், கிட்டத்தட்டத் தரை தட்டிய நிலை. ஜூரிக் குழு தங்கள் ஏற்பு ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2021இல் கேட்டது: எந்த ஃபெரிட்டினில் பெண்ணுடல் கதவைத் திறக்கத் தொடங்குகிறது? விடை, ஏறக்குறைய 50. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே இருக்கும் பெண்ணின் ஆய்வுச் சீட்டில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருக்கும். அவள் கல்லீரலோ ஏற்கெனவே ஹெப்சிடினைக் குறைத்துவிட்டது. எந்த எண்ணை நம்புவது என்றால், அளவுகோலை உடம்பே கொடுத்திருக்கும்போது நான் உடம்பை நம்புவேன். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும், அப்போது அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ரத்ததான முகாமில் இதைக் கண்ணால் பார்க்கலாம். விரல்நுனியில் குத்தி ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் படுக்கச் சொல்வார்கள். 350 மில்லிலிட்டர் எடுத்தால் 150 மில்லிகிராம் இரும்பு போகும். ஃபெரிட்டின் 30 உள்ள பெண்ணிடம் இருப்பது 240. நம் நாட்டு விதிப்படி ஆண் மூன்று மாதம் கழித்து மறுபடி கொடுக்கலாம், பெண் நான்கு மாதம் கழித்து. அந்த நான்கு மாதத்தில் 150ஐத் திரும்பப் பிடிக்க, வழக்கமான ஒன்றரைக்கு மேல் தினமும் இன்னும் ஒன்றேகால் மில்லிகிராம் அவள் குடல் ஏற்க வேண்டும். கதவு திறக்கும், அதில் ஐயமில்லை. நம் சோற்றில் அவ்வளவு வருமா என்பதுதான் கேள்வி. ரத்தம் கொடுக்கும் பெண்கள் கொடுக்கட்டும். ஆண்டுக்கொருமுறை ஃபெரிட்டினையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று முகாமிலேயே கேட்கட்டும்.